மணலுக்குள்ள ஒரு வாத்து

விசிலா ஊதுனான்? ஊதுவான், ஊதுவான். கயித்தத் தாண்டி ஒரு கால வெச்சிருப்ப. வெக்கலயா? அப்ப இந்தாண்ட நின்னு குனிஞ்சு பாத்திருப்ப, அதுக்கும் ஊதுவான். போன வாரம் ஒரு பூன அந்த இடிபாட்டுத் தரைமேல படுத்து வெயில் காஞ்சுச்சுன்னு அதுக்கு அரமணி நேரம் ஊதுனான். பூன எந்திரிக்கல. இவனுக்குத்தான் இருமல் வந்துருச்சு. ஒக்காரு மகளே. அந்த நாக்காலி வேணாம், கால் ஆடும். இதுல ஒக்காரு. மூஞ்சி தக்காளியாட்டம் ஆயிப்போச்சு பாரு.

அவன் மேல கோவப்படாத. எங்கண்ணன்தான் அவன். ஆமா, கூடப்பொறந்தவன். பேரு வெய்செல். தொப்பியப் போட்டுக்கிட்டு அந்தத் தகரக் கொட்டாயில ஒக்காந்திருக்கானே, அந்த நெலமே ஒரு காலத்துல அவன் பேர்ல இருந்துச்சு. தன் நெலத்துக்குத் தானே வாட்ச்மேன். சம்பளம் அரசாங்கம் குடுக்குது, தொப்பி அரசாங்கம் குடுக்குது. விசில் மட்டும் அவன் சொந்தமா வாங்குனான். அரசாங்க விசில்ல சத்தம் பத்தலயாம்.

சாப்புடு. அந்த உருண்டைய முட்டக்கோஸ் எலையில வெச்சு மடிச்சு வாயில போடு. கோதும ரவையும் வறுத்த கடலையும் போட்டுப் பெசஞ்சது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்க. இந்தக் கடலை இந்த மண்ணுது. இந்த மாதிரி கடலை உங்க அங்காராவுல கெடைக்குமா? அங்காரா இல்லியா? கொன்யாவா? ஆமாமா, கொன்யான்னுதான் சொன்ன, மறந்துட்டேன். மலைக்கு அந்தாண்ட. அங்க கோதுமைய விட்டா என்ன இருக்கு.

அமைதியா இருக்கும்னு கம்ப்யூட்டர்ல படிச்சிட்டு வந்தேன்னியே நேத்து, நான் உள்ள போயிச் சிரிச்சேன். எழுதுன மகராசன் ரெண்டு மணி நேரம் இருந்திருப்பான் இங்க. அதுல ஒரு மணி நேரம் தூங்கியிருப்பான். கடலோரமா ஒரு வெவசாய ஊரு, கூட்டமே இல்லாத மணல், பழைய காலத்து இடிபாடு, ஆமை முட்ட போடுற கரை. எல்லாம் நெசந்தான். அஞ்சு மணிக்கு வாழைக்கு மருந்தடிக்கிற மிஷின் அலறும்னு எழுதலல்ல? ஆறு மணிக்குத் தக்காளி லாரி வந்து நின்னு பத்து நிமிஷம் ஹாரன் அடிக்கும்னு எழுதலல்ல? மத்த நேரம் அமைதிதான், நான் இல்லேங்கல. ஆனா எங்க ஊர்ல இருக்கிறது அமைதி இல்ல மகளே, பேச்சுவார்த்த இல்லாமப் போனது. ரெண்டும் வேற. இந்தத் தெருவுல இருக்கற பதினாலு வீட்டுல ஒம்பது வீடு ஒண்ணோட ஒண்ணு பேசாது. வெளியூர்க்காரங்களுக்கு அது அமைதி மாதிரித் தெரியுது.

இடிபாடு பாக்கணும்னா அவ்ளோ தூரம் வெயில்ல போயிருக்கவே வேணாம். நீ செருப்பக் கழட்டி வெச்சியே அந்தப் படி, குனிஞ்சு பாரு, எழுத்து இருக்கும். ரோமாக்காரன் யாரோ பொண்டாட்டி சமாதிக்கு எழுதி வெச்சது. எங்க மாமனார் காலத்துலேர்ந்து நாங்க அதுல காலத் தொடைக்கிறோம். பக்கத்து வீட்டுக் கோழி தண்ணி குடிக்குதே, அது ஒரு தூணோட தல, கவுத்துப் போட்டிருக்கு. இங்க எவன் தோண்டுனாலும் தண்ணி வர்றதுக்கு முன்னாடி தூணு வரும். வந்தா என்ன பண்ணுவோம்? மண்ணப் போட்டு மூடி, மேல வாழையோ தக்காளியோ நட்டு, பிளாஸ்டிக்க இழுத்துக் கட்டிருவோம். வெளிய சொன்னா மியூசியத்துலேர்ந்து ஆள் வருவாங்க, வேலி போடுவாங்க, அப்புறம் உன் சொந்த நெலத்துல நீ ஒரு ஆணி அடிக்க முடியாது. அதனால ராஜா செலையே வந்தாலும் தோண்டுனவன் ராத்திரியோட ராத்திரியா அதப் பொதச்சிட்டு, காலையில டீக்கடையில ஒண்ணும் தெரியாத மாதிரி ஒக்காந்திருப்பான். கையில மட்டும் சிமென்ட் ஒட்டிக்கிட்டிருக்கும். கேட்டா, கோழிக்கூண்டு கட்டுனேம்பான். எல்லாரும் தலையாட்டுவாங்க. அவங்களும் கோழிக்கூண்டு கட்டுனவங்கதானே.

அப்படியிருக்க அண்ணன் நெலம் எப்படி மியூசியத்துக்குப் போச்சுங்கிறியா? அது பெரிய கத. பஸ்ஸுக்கு நேரமிருக்குல்ல? அஞ்சு மணிக்குத்தான. அப்ப சொல்றேன்.

அந்த நெலம் மொதல்ல என்னுது.

எங்கப்பா பாகம் பிரிச்சப்ப அப்படித்தான் பிரிச்சாரு. ஆம்பளப் புள்ளைக்கு ஓடையோரத்துக் கருப்பு மண்ணு. பொம்பளப் புள்ளைக்குக் கடலோரத்து மணலு. எங்கப்பா மட்டும் இல்ல, இந்தக் கரை முழுக்க எல்லா அப்பனும் அப்படித்தான் பிரிச்சான். அந்தக் காலத்துல கடல்னா என்ன? உப்பு, காத்து, கொசு. எவன் போயி அதுல குளிப்பான்? மாட்டக் குளிப்பாட்டுவோம். ஷுக்ரானுக்கு மணலக் குடுத்தாச்சு, கல்யாணமும் பண்ணிக் குடுத்தாச்சு, கடமை முடிஞ்சதுன்னு கையத் தட்டிக்கிட்டாரு. நான்தான் ஷுக்ரான். பேரு நேத்தே சொன்னனோ? சரி.

நானும் எங்க வீட்டுக்காரரும், இல்யாசு, நாங்க அந்த மணல்ல கடலை போட்டோம். இருபத்திரெண்டு வருஷம். கடலைக்கு மணல் ஆகும், அது எங்கப்பாவுக்குத் தெரியல, நல்ல வேள. தெரிஞ்சிருந்தா அதையும் அண்ணனுக்குக் குடுத்துட்டு எனக்குப் பாறையக் குடுத்திருப்பாரு. அப்புறம் இல்யாசு போயிட்டாரு. டிராக்டர் மேல ஒக்காந்தபடியே நெஞ்சு நின்னுருச்சு. டிராக்டர் அது பாட்டுக்குப் போயி கடல்ல முன் சக்கரத்த நனச்சிக்கிட்டு நின்னுச்சு. நான் கடலைக்கொடி பிடுங்கிக்கிட்டு நிக்கிறேன், என்னடா இந்தாளு டிராக்டரக் குளிப்பாட்டப் போறாரான்னு சத்தம் வேற போட்டேன். திட்டிக்கிட்டேதான் கிட்ட போனேன். இப்ப பதிமூணு வருஷம்.

அழல. கண்ணுல வெங்காயம். நீ சாப்புடு.

அதுக்கப்புறம் நாலு வருஷம் கழிச்சு ஒரு நாளு வெய்செல் வர்றான், கையில ஒரு கிலோ பக்லாவா இனிப்பு. எங்கண்ணன் பக்லாவா வாங்கிட்டு வர்றான்னா ஒண்ணு யாராவது செத்திருக்கணும், இல்ல யாராவது சாகப் போகணும். நான் அத யோசிச்சிருக்கணும். யோசிக்கல. ஒக்காந்தான். தங்கச்சி, நீ ஒத்தையில இந்த வேகாத வெயில்ல மணல்ல கெடந்து சாகுற, என் மனசு தாங்கலம்மான்னான். ஓடைக்கு மேல என் தோட்டத்துல பாதி உனக்குத் தர்றேன், வாழையோட, பிளாஸ்டிக் கூடாரத்தோட, சொட்டு நீர்க் குழாயோட. அந்த மணல நான் எடுத்துக்கறேன், எனக்கு ஆம்பள ஒடம்பு, தாங்கும்னான். மகளே, நான் அழுதுட்டேன். அவன் கையப் பிடிச்சு முத்தம் குடுத்து நெத்தியில ஒத்திக்கிட்டேன். எங்கப்பா செய்யாதத நீ செய்யிறேண்ணேன்னு சொன்னேன். மறுநாளே பதிவு ஆபீசுக்குப் போயி கையெழுத்துப் போட்டேன். அந்த ஆபீசர் ரெண்டு தடவ கேட்டாரு, அம்மா, கடலோர நெலம், யோசிச்சுத்தான் போடறீங்களான்னு. எங்கண்ணன் என்ன கொல்லவா போறான்னு அவரையே முறைச்சேன் நானு.

ரெண்டு மாசம். ரொட்டிக் கடையில வரிசையில நிக்கிறேன், முன்னாடி நிக்கற மளிகைக்காரன் பொண்டாட்டி திரும்பி, உன் மணல்ல நீச்சல் குளம் வருதாமே ஷுக்ரான்னு கேட்டா. எனக்குப் புரியல. கடல் பக்கத்துலதான இருக்கு, நீச்சல் குளம் எதுக்குன்னேன். அதான் எனக்கும் புரியல, ஆனா இருநூறு ரூம் ஓட்டல்னா குளம் இருக்கணுமாம்னா. பெரிய ஊர்க் கம்பெனி ஒண்ணு. அண்ணங்கிட்ட ஆறு மாசமாப் பேசிக்கிட்டிருக்காங்க. ஆறு மாசம். பக்லாவா ரெண்டு மாசத்துக்கு முன்னாடி. கணக்குப் போட எனக்கு ரொம்ப நேரம் ஆகல.

நேரா அவன் வீட்டுக்குப் போனேன். காலாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கான். ஏண்ணே, ஓட்டல் வருதாமேன்னேன். வருதுன்னான். அது என் மணல்னேன். உன் கையில இருந்தா அது மணலு, என் கையில வந்தாத்தான் அது நெலம், யாவாரம்னா அப்படித்தான் தங்கச்சி, நீ சந்தோஷமாத்தானே கையெழுத்துப் போட்டன்னான். அண்ணி டீ எடுத்துட்டு வந்தா. குடிக்காம வந்துட்டேன். வரும்போது பின்னாடி கேக்குது, எங்கண்ணன் யார்கிட்டயோ சிரிச்சுக்கிட்டே சொல்றான், பாவம், பொம்பளைக்கு வாழை போதும்னு.

நீ கடலைய மட்டும் பொறுக்கித் தின்னாத, முழுசாத் தின்னு.

அப்புறம் ஊர் ஆடுன ஆட்டத்த நீ பாத்திருக்கணும். ஓட்டலுக்கு ஒரு கல்லு வெக்கல, அதுக்குள்ள எல்லாரும் அவங்கவங்களுக்கு உத்தியோகம் போட்டுக்கிட்டாங்க. முடிவெட்டறவரு ஓட்டல் முடிவெட்டுக்காரரு ஆயிட்டாரு. டீக்கடைக்காரன் ஜெர்மன் பாஷையில வாங்க வாங்கன்னு சொல்லப் பழகுனான். கேட்டா யாரையோ கெட்ட வார்த்தையில திட்டற மாதிரி இருக்கும். கடலை போட்டு வாழற ஜனம், மொத்தப் பேரும் தோள்ல துண்டோட நடக்க ஆரம்பிச்சிட்டாங்க, வெய்ட்டராம்.

அப்ப யாரோ மியூசியத்துக்கு ஒரு போனப் போட்டுட்டாங்க.

ஜீப் வந்துச்சு. நாலு பேரு. நேரா போயி பழைய கெணத்து மேட்டுக்கிட்ட கயிறு கட்டித் தோண்டுனாங்க. மதியச் சாப்பாட்டுக்குள்ள வெளிய வந்துருச்சு. நீ பாத்துட்டு வந்தியே அதான். கலர் கலரா பொடிக் கல்லு பதிச்ச தரை, நடுவுல ஒரு கொழுத்த வாத்து. சாமி இல்ல, ராஜா இல்ல, சண்ட போடற வீரன் இல்ல. வாத்து! அதுவும் என்ன ஒரு மூஞ்சி, யாரோ அது சாப்பாட்டப் பிடுங்கித் தின்னுட்ட மாதிரி. அதுக்கு ஆயிரத்தி ஐநூறு வயசாம். மறுநாளே வேலி. அண்ணன் வேலியப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறான். கம்பெனிக்காரன் கார்லேர்ந்து எறங்காமலே பாத்தான், கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போனான், அவ்ளோதான். இருநூறு ரூமும் போச்சு, குளமும் போச்சு. ஊரே துண்டத் தோள்லேர்ந்து எடுத்து மறுபடி இடுப்புல கட்டிக்கிச்சு.

ஊருக்குக் கோவம் வந்துச்சு. கோவம்னா யார் மேலயாவது எறக்கணும்ல. யார் போன் பண்ணது?

இங்க ஒரு வாத்தியார் இருந்தாரு. நெஜாத்தின்னு பேரு. வெளியூர்லேர்ந்து மாத்தலாகி வந்தவரு. ஒல்லியா, காது மட்டும் பெருசா, சட்டப் பையில எப்பவும் ஒரு பிரஷ்ஷு. பல்லு வெளக்க இல்ல, கல்லு வெளக்க. ஞாயித்துக்கெழமையானா இடிபாட்டுக்குப் போயி, தூணத் தொடச்சு, எழுத்த நோட்டுல எழுதிக்கிட்டு, ஊர்க்காரங்க போட்ட பாட்டிலப் பொறுக்கிக்கிட்டு வருவாரு. எங்க வீட்டுப் படியில ஒரு நாளு மண்டி போட்டு ஒக்காந்து படிச்சாரு. ஷுக்ரான் அக்கா, இந்தம்மாவுக்கு இருபத்தாறு வயசு, அவ புருஷன் எழுதி வெச்சிருக்கான், மிதிக்காதீங்கன்னாரு. சரிங்க வாத்தியாரேன்னேன். அவர் போனதும் மிதிச்சேன். வேற எப்படி வீட்டுக்குள்ள போறது?

வாத்து கெடச்சதும் வாத்தியார்தான்னு முடிவாயிருச்சு. வேற எவனுக்கு இந்த ஊர்ல கல்லு மேல காதல்? டீக்கடையில கூட்டம் கூடுச்சு. நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தேன், பொம்பளைங்க உள்ள போறதில்லல்ல. வெய்செல் எந்திரிச்சு, நீதானடா போன் பண்ணதுன்னு கத்துனான். வாத்தியார் டீயக் கீழ வெச்சாரு. நான் பண்ணலன்னாரு. அதோட நிறுத்தியிருக்கலாம் அந்த மனுஷன். நிறுத்தல. ஆனா எனக்குத் தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பேன்னாரு.

நெசத்த இப்படி ரெண்டு வாக்கியமாவா சொல்லுவாங்க? மொத வாக்கியத்த யாரும் காதுல வாங்கல.

அன்னிக்கோட அவருக்கு டீ நின்னுச்சு. கேட்டா பால் இல்லம்பான் கடைக்காரன். நம்ம கருப்பு டீக்கு எதுக்குடா பாலு? முடிவெட்டப் போனா கத்திரி ஒடஞ்சிருச்சாம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால புள்ளைங்களோட சேந்து மூணு எலுமிச்சங்கன்னு வெச்சிருந்தாரு, இடுப்பு ஒயரம் வந்திருந்துச்சு. யாரோ மூணையும் வெட்டிப் போட்டாங்க. அவரு அதுக்கும் சண்ட போடல. வெட்டுன கெளைய அடுக்கி வெச்சிட்டுப் பாடம் எடுக்கப் போயிட்டாரு. அவர் சம்சாரம் ரொட்டிக் கடைக்கு வந்தா. பொறுமையா, அழகா, தலத் துணிய இழுத்துக் கட்டிக்கிட்டு. ரொட்டி தீந்துபோச்சுன்னான் கடைக்காரன். பின்னாடி அடுப்புலேர்ந்து ஆவி பறக்குது. அந்தம்மா சரிங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஊருக்கு நடந்தா, ரொட்டிக்கு. நான் பக்கத்துலதான் நின்னேன். என் கையில ரெண்டு ரொட்டி இருந்துச்சு. சூடா. பேப்பர்ல சுத்துனது.

குடுக்கல.

நாலு மாசம் தாங்குனாங்க. அப்புறம் மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. லாரியில சாமான் ஏத்தும்போது ஒரு ஆள் கைகுடுக்கல. வாத்தியாரும் டிரைவருமே பீரோவத் தூக்குனாங்க. எங்க வாசல் வழியாத்தான் லாரி போச்சு. வாத்தியார் எட்டிப் பாத்து, அக்கா, வாத்த அடுத்த வருஷம் எல்லாருக்கும் தெறந்து விடுவாங்களாம், போயி அது கண்ணப் பாருங்கன்னு கத்துனாரு. அவர் பாக்கவே இல்ல அத. அப்ப தகரம் போட்டு மூடி வெச்சிருந்தாங்க. எந்த வாத்துக்காக ஊர விட்டுத் தொரத்துனாங்களோ, அந்த வாத்து மூஞ்ச அந்த மனுஷன் பாத்ததே இல்ல.

எங்கண்ணனுக்கு அரசாங்கம் ஏதோ ஒரு வெல குடுத்து நெலத்த எடுத்துக்கிட்டு, வாட்ச்மேன் வேலையும் போட்டுக் குடுத்துச்சு. ஊர் மறந்துருச்சு. மறந்தது மட்டுமா, வாத்தப் பாக்க ஆள் வர ஆரம்பிச்சதும், வாத்து எங்க வாத்துன்னு ஆயிப்போச்சு. டீக்கடையில வாத்துப் படம். ரொட்டியில வாத்து. நான் மட்டும் யோக்கியமா? வெளிய போர்டப் பாத்தியா? வாத்து விடுதி. மூணு ரூம வெள்ளையடிச்சு, ஒவ்வொரு தலகாணியிலயும் வாத்து தச்சு வெச்சிருக்கேன். நீ நேத்து அது மேல தலவெச்சுத்தான் தூங்குன.

மோர் ஊத்தட்டுமா? கொஞ்சம் உப்புத் தூக்கலா இருக்கும். போன் பண்ணது நான்தான்.

ம். நான்தான். இரு, மோரக் குடி, பொறையேறப் போகுது.

இல்யாசு கெணறு தோண்டும்போதே பாத்தோம் அத. கல்யாணமாகி மூணாவது வருஷம். தண்ணிய ஊத்திக் கழுவுனோம், வாத்து மொறைச்சுது. ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது. அப்புறம் எல்லாரையும் போல மண்ணப் போட்டு மூடிட்டோம், வேற எடத்துல தோண்டுனோம். யாருக்கும் சொல்லல. அது எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச வாத்து. அவர் கோவமா இருந்தா வாத்து மொறைக்குதும்பேன், சிரிச்சிருவாரு.

பொம்பளைக்கு வாழை போதும்னு சொன்னான்ல? அதுக்கு மறுநாள் பஸ் ஏறி மூணு ஊரு தள்ளிப் போயி, தபாலாபீசு போன்ல, வாயில கைக்குட்டைய வெச்சிக்கிட்டு, டிவி நாடகத்துல வர்ற மாதிரி, பேசுனேன். சார், கடலோரத்துல ஒரு வாத்து இருக்குன்னேன். அந்தப் பக்கம் ஒருத்தரு, அம்மா, இது மியூசியம், வாத்துக்குக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பண்ணுங்கன்னு வெச்சிட்டாரு. ரெண்டாவது தடவ பண்ணி, கல்லு வாத்து சார், கல்லு வாத்து, பழைய கெணத்து மேட்டுக்கிட்டன்னு கத்துனேன். கைக்குட்டைய எடுத்துட்டுத்தான் கத்துனேன், அது வாயில இருந்தா யாருக்குக் கேக்கும்.

மொத மாசம் இனிச்சுது. பொய் சொல்ல மாட்டேன். வெய்செல் வேலியப் பிடிச்சிக்கிட்டு நின்னப்ப நான் வீட்டுக்குப் போயி கோழியடிச்சுக் கொழம்பு வெச்சேன். வாத்தியார் மேல பழி விழும்னு நான் நெனைக்கல, சத்தியமா நெனைக்கல. விழுந்தப்ப, ரெண்டு நாள்ல அடங்கிரும்னு நெனச்சேன். அடங்காதப்ப, நாளைக்குச் சொல்லிரலாம்னு நெனச்சேன். நாப்பது குடும்பம், ஓட்டல் வேல போச்சுன்னு வெறியில இருக்கு. வாத்தியாருக்காவது மாத்தல் வாங்கிக்கிட்டுப் போக வேற ஊர் இருந்துச்சு, நான் எங்க போவேன்? இப்படியே நாளைக்கு நாளைக்குன்னு லாரி வந்துருச்சு.

இரு. எந்திரிக்காத. இன்னும் இருக்கு, அது இதவிடக் கேவலம்.

நேத்து சாயங்காலம் நீ கடலுக்குப் போனல்ல, நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒம்பது வருஷமாச் சொல்லாதத நேத்து சொல்லிட்டேன். டிவியப் பாத்துக்கிட்டு நாரத்தம்பழம் உரிச்சுக்கிட்டிருந்தான். அண்ணே, மியூசியத்துக்குப் போன் பண்ணது நான்தான்னேன். அடிப்பான்னு நெனச்சேன். வீட்ட விட்டுப் போடீம்பான்னு நெனச்சேன். அவன் டிவியக்கூட நிறுத்தல. தெரியும்னான்.

தெரியுமாம்!

ஜீப்புல வந்தவரு மொத நாளே சொல்லிட்டாராம், ஒரு பொம்பள போன் பண்ணி வாத்து வாத்துன்னு கத்துனாங்கன்னு. தோண்டறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறது வாத்துன்னு எந்தப் பொம்பளைக்குத் தெரியும், நீதான் அங்க இருபது வருஷம் கெடந்தன்னான். அப்ப ஏன்டா வாத்தியாரப் பாத்துக் கத்துனன்னேன். ஒரு சொளைய வாயில போட்டுக்கிட்டு, உன்னப் பாத்துக் கத்துனா, ஏன் பண்ணான்னு ஊரு கேக்கும்ல, கேட்டா பக்லாவாக் கத வெளிய வரும்ல, தங்கச்சிய ஏமாத்துனவன்னு சொல்லுவாங்கல்லன்னான். வாத்தியாருக்கு இங்க யாரு இருக்கா, கேக்கன்னான்.

ஒம்பது வருஷம் மகளே. பெருநாளுக்குப் பெருநாள் நான் போயி அவன் கையில முத்தம் வெக்கிறேன், அவன் என் தலையத் தடவுறான். அவன் பண்ணது எனக்குத் தெரியும், நான் பண்ணது அவனுக்குத் தெரியும். நடுவுல ஒரு மனுஷனத் தூக்கிப் போட்டு மூடிட்டு, மேல வாழைய நட்டுட்டோம் ரெண்டு பேரும். அண்ணி டீ கொண்டாந்தா. குடிச்சேன். இந்தத் தடவ குடிச்சேன். ரெண்டு கட்டி சர்க்கர போட்டு.

ஏன் நேத்து போயிச் சொன்னேன்னு நீ கேக்கல. கேக்க மாட்ட. நேத்து ரிஜிஸ்தர்ல எழுத உன் அடையாள அட்டைய வாங்குனேன்ல, பின்பக்கம் அப்பா பேரு, நெஜாத்தி. அம்மா பேரு, முஸேயென். அதப் பாக்கறதுக்கு முன்னாடியே கொஞ்சம் சந்தேகந்தான், அந்தக் காது வேற யாருக்கு வரும். சின்ன வயசுல ஒரு பெருநாளைக்கு வந்திருக்க நீ, ஹாஸ்டல்லேர்ந்து, ரெட்டப் பின்னலோட. உனக்கு ஞாபகம் இருக்காது. அமைதிக்காக வந்தேன்னு நீ சொன்ன. நானும் அப்படியா கண்ணுன்னேன். வாத்த மூஞ்சிக்கிட்ட போயிப் போட்டோ எடுக்கணும்னு கேட்டியே, அது யாருக்குன்னு எனக்குத் தெரியாதா?

அவரு நல்லா இருக்காரா? ...ம். கண்ணு சரியாத் தெரியலியா? ...ஒரு கண்ணு தெரியுதுல்ல, அப்ப சரி. அம்மா?

...எப்ப?

...தெரியாது மகளே. யாரும் சொல்லல. இந்த ஊர்ல யாரு எனக்குச் சொல்லுவா.

போறியா? போ. துணியெல்லாம் எடுத்துக்க. கொடியில ஒரு துண்டு காயுது, உன்னுதுதான். என்ன நாலு வார்த்த திட்டணும்னா திட்டிட்டுப் போ, நல்லாக் கத்தித் திட்டு, பக்கத்து வீட்டுல கேக்கட்டும். அவங்களுக்கும் நான் இன்னிக்குக் காலையிலயே சொல்லிட்டேன். டீக்கடைக்குள்ளயும் போயிச் சொல்லிட்டேன். வாசல்ல நிக்கல, உள்ள போயி நடுவுல நின்னு சொன்னேன். முடிவெட்டறவரு மட்டும் எந்திரிச்சுப் போனாரு. இனிமே எனக்கும் பால் இருக்காது.

ஆனா பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தான், இப்பவே போயி வெயில்ல நிக்காத. இந்தக் கதவுக்குப் பின்னால பாரு, ஒரு பை இருக்கு. என்னுதுதான். காலையிலயே டிக்கெட் போட்டுட்டேன், கொன்யாவுக்கு. எனக்கு மலைப்பாத ஒத்துக்காது, வாந்தி வரும், பிளாஸ்டிக் கவர் நாலு எடுத்து வெச்சிருக்கேன். வீடு எங்கன்னு நீ சொல்ல வேணாம், எறங்குனதும் பின்னாலயே நடந்து வர்றேன், அவ்ளோதான். பயப்படாத, உன் பக்கத்து சீட்டு இல்ல. கடைசி வரிச.